போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? வேலை மாறும் முன் செய்ய வேண்டியவை

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்திலிருந்து அதே துறையில் இருக்கும் இன்னொரு நிறுவனத்துக்கு மாறியபோது, பழைய இடத்திலிருந்து எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. வேலையை விட்டபின் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனம் எதிலும் சேரமாட்டேன் என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருந்த ஒரு பத்தியைக் காட்டித்தான் மிரட்டினார்கள். கடைசியில் வழக்கு வரவில்லை. ஆனால் அந்த இடைவெளியில் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையை முறையாக விட்ட பிறகு நீங்கள் எங்கே வேலை செய்யலாம், எங்கே செய்யக்கூடாது என்று இந்தியாவில் பழைய நிறுவனம் கட்டளையிட முடியாது. ஆனால் அதே ஆர்டரில் இருக்கும் மற்ற சில நிபந்தனைகள் உங்களை நிஜமாகவே கடிக்கும். எது வெறும் மிரட்டல், எது நிஜம் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

நான் வக்கீல் இல்லை. கையில் நோட்டீஸ் வந்துவிட்டவர்கள் இதைப் படித்ததோடு நின்றுவிடாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

1. பேப்பர் போடும் முன் தாள்களைச் சேருங்கள்

ராஜினாமா மெயில் அனுப்பிய அன்றே ஆபீஸ் மெயிலையும் எச்.ஆர். போர்ட்டலையும் முடக்கிவிடும் நிறுவனங்கள் உண்டு. அதனால் இவற்றை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

- ஆஃபர் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சேர்ந்த அன்று கையெழுத்திட்ட சர்வீஸ் அக்ரிமென்ட்
- பயிற்சிக்கான பாண்ட், ரகசியக் காப்பு ஒப்பந்தம்
- ஒவ்வோர் ஆண்டும் வந்த இன்கிரிமென்ட், புரமோஷன் லெட்டர்கள்
- நிறுவனப் பங்கு கொடுத்திருந்தால் அந்த ஒப்பந்தம்
- எல்லா பேஸ்லிப்களும், ஃபார்ம் 16-உம்

இன்கிரிமென்ட் லெட்டரைப் பெரும்பாலோர் சம்பளத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். நோட்டீஸ் பீரியட் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் ஆனது அதன் இரண்டாம் பக்கத்தில்தான் இருக்கும். பங்கு ஒப்பந்தத்தையும் கடைசிவரை படியுங்கள். போட்டி நிறுவனத்தில் சேர்ந்தால் பங்குகள் பறிபோகும் என்ற வரி அங்கே ஒளிந்திருப்பதுண்டு.

ஒரு எச்சரிக்கை. எடுக்க வேண்டியவை உங்கள் பெயரில் உள்ள தாள்கள் மட்டுமே. "எதற்கும் இருக்கட்டும்" என்று கோட், கிளையன்ட் பட்டியல், விலைப்பட்டியல் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். ஏன் என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன். கையெழுத்திட்ட நகல் உங்களிடம் இல்லையென்றால் எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்; கேட்டதற்கான சாட்சியும் ஆயிற்று.

2. ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியாகக் குறியுங்கள்

ஒப்பந்தத்தை அச்செடுத்து ஒரு பேனாவோடு உட்காருங்கள். நிறுவனங்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி, ஒரே பெரிய பூட்டு போலத் தோன்ற வைத்திருப்பார்கள். உண்மையில் அதில் ஐந்து வெவ்வேறு விஷயங்கள் உண்டு: வேலையில் இருக்கும்போது வேறு வேலை செய்யக்கூடாது என்பது, விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்பது, பழைய கிளையன்ட்டையும் சக ஊழியர்களையும் இழுக்கக்கூடாது என்பது, ரகசியத்தை வெளியே சொல்லக்கூடாது என்பது, இத்தனை காலத்துக்குள் போனால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பது. நோட்டீஸ் பீரியட் ஆறாவது. ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் பதில் வேறு.

3. போட்டி நிறுவனத் தடை: எப்போது செல்லாது, எப்போது செல்லும்

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலையும் வேலையையும் வியாபாரத்தையும் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம், அந்தத் தடையின் அளவுக்குச் செல்லாது என்கிறது அது. சட்டம் அங்கே எழுதி வைத்திருக்கும் விதிவிலக்கு, ஒரு வியாபாரத்தை அதன் நற்பெயரோடு விற்பவருக்கானது. கூட்டாளிகளுக்குத் தனிச் சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு இவை பொருந்தாது.

"ஆறு மாதம்தானே, சென்னைக்குள் மட்டும்தானே, நியாயமான தடைதானே" என்று எச்.ஆர். சொல்லலாம். இங்கிலாந்து மாதிரி நாடுகளில் அந்தக் கேள்விக்கு இடம் உண்டு. இங்கே, வேலை முடிந்த பிறகான தடை என்றால், ஆறு மாதமானாலும் மூன்று ஆண்டானாலும் பதில் ஒன்றுதான்.

2025 ஜூனில் தில்லி உயர்நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். ஒரு ஐ.டி. நிறுவனத்தின் பொறியாளர், அந்த நிறுவனம் யாருக்காக வேலை செய்துகொடுத்ததோ அதே அரசு அமைப்பிலேயே போய்ச் சேர்ந்தார். ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுத் தடை இருந்தது. கீழ் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. உயர்நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. பழைய முதலாளியிடமே இரு, இல்லையென்றால் சும்மா உட்கார் என்ற நிலைக்கு ஓர் ஊழியரைத் தள்ளக்கூடாது என்பதுதான் அதன் சாரம். நம்மில் எத்தனை பேர் கிளையன்ட் இடத்திலேயே உட்கார்ந்து வேலை செய்கிறோம்! அதனால் இது நமக்கு மிக நெருக்கமான வழக்கு.

இப்போது மறுபக்கம். வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை செல்லும். உச்ச நீதிமன்றம் 1967-லேயே அதை உறுதி செய்திருக்கிறது. அந்த வழக்கில் ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவர், காலம் முடியும் முன்பே போட்டித் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். மீதிக் காலம் முடியும்வரை அந்த மாதிரி வேலையை வேறிடத்தில் செய்யக்கூடாது என்ற தடையை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆகவே உங்களுடையது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான ஒப்பந்தமாக இருந்து, நடுவில் விடுகிறீர்கள் என்றால், ஜாக்கிரதை. நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புது இடத்தில் வேலையைத் தொடங்குவதும் இதே வலைதான். கடைசி நாள் முடியட்டும், அப்புறம் சேருங்கள்.

"ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டேனே" என்று கலங்குபவர்களை நிறையப் பார்த்தேன். சட்டப்படி செல்லாத நிபந்தனையை முத்திரைத் தாளில் எழுதினாலும் அது செல்லாது.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021-இல் வந்த தொழிலாளர் சட்டம், காலம், இடம், வேலையின் தன்மை மூன்றையும் குறிப்பிட்டால் இரண்டு ஆண்டு வரை தடை போட அனுமதிக்கிறது. சிங்கப்பூரிலும் நியாயமான தடை என்றால் நீதிமன்றம் ஏற்கும். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போய்ச் சேருபவர்கள் அங்கே கையெழுத்துப் போடும் முன்பே பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

4. பாண்ட் பணம்: இங்கேதான் பர்ஸுக்கு ஆபத்து

27-ஆவது பிரிவைக் கேள்விப்பட்டுவிட்டு, பாண்டும் செல்லாது என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தவறு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மூன்று ஆண்டு வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஓர் அதிகாரி அதற்கு முன்பே வேறு வங்கிக்குப் போனார். அந்த நிபந்தனை அவர் அடுத்த வேலைக்குப் போவதைத் தடுக்கவில்லை, இருக்கும் வேலையின் காலத்தைத்தான் பற்றியது, அதனால் செல்லும் என்றது நீதிமன்றம். பொதுத்துறை வங்கி மறுபடி விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தி ஆள் எடுக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்தது.

ஆனால் பாண்டில் எழுதிய தொகை முழுதும் தானாக அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி அந்தத் தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் எது நியாயமான இழப்பீடோ அதைத்தான் நீதிமன்றம் தரும். வெளிநாட்டுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்திருந்தால், கட்டணச் சான்றிதழ் படிப்புக்குப் பணம் கட்டியிருந்தால், கம்பெனியின் கை ஓங்கும். சீனியர் ஒருவர் ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததைப் பயிற்சி என்று எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும். எனவே என்ன பயிற்சி, எத்தனை நாள், யார் நடத்தினார்கள் என்பதற்கான மெயில்களைக் குறித்து வையுங்கள்.

பேரம் பேசலாம், கட்டாயம் பேசுங்கள். இரண்டு ஆண்டு பாண்டில் பதினெட்டு மாதம் முடித்திருந்தால் கால் பங்கு மட்டும் கட்டுகிறேன் என்று எழுத்தில் கேளுங்கள். பல புது நிறுவனங்கள் ஜாய்னிங் போனஸாக இதை ஈடுகட்டித் தருகின்றன. கட்டுகிறீர்கள் என்றால் வங்கி வழியாகக் கட்டி, பாக்கி எதுவும் இல்லை என்ற கடிதத்தை வாங்காமல் விடாதீர்கள்.

பாண்ட் தொகைக்கோ நோட்டீஸ் சம்பளப் பிடித்தத்துக்கோ மேல் 18% ஜி.எஸ்.டி. என்று பில்லில் சேர்த்தால் மறுத்துவிடுங்கள். இந்தப் பிடித்தங்களுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டுத் தெளிவுபடுத்திவிட்டது.

ஃப்ரெஷர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. அசல் சான்றிதழ்களை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரச் சொல்லுங்கள். தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் பயந்து வங்கியில் ஸ்டாப் பேமென்ட் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடக்கூடாது, அதற்கும் காசோலை வழக்கு வரும். காசோலை திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்ததிலிருந்து பணத்தைக் கட்ட 15 நாள்தான் அவகாசம். அந்தப் பதினைந்து நாளை வீணாக்கினால் விஷயம் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போய்விடும். அன்றைக்கே வக்கீலிடம் போங்கள்.

5. டேட்டா விஷயத்தில் ஒரு சின்ன சபலம்கூட வேண்டாம்

போட்டித் தடை செல்லாது என்று தெரிந்த நிறுவனங்கள் அடுத்து தேடுவது இதைத்தான். கடைசி மூன்று மாத லாக்கை எடுத்து, எந்த ஃபைல் எந்த பென்டிரைவுக்குப் போனது, எந்த டிரைவில் ஏறியது என்று பார்ப்பார்கள். கண்டுபிடித்தால் கதையே மாறிவிடும். அனுமதியின்றித் தரவை எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சாதாரண சிவில் தகராறு போலீஸ் ஸ்டேஷன் வரை போவது இந்த வழியில்தான்.

உங்கள் தலைக்குள் இருக்கும் திறமை உங்களுடையது. ஒரு மொழியில் கோட் எழுதத் தெரிவது, ஒரு துறை எப்படி இயங்குகிறது என்று புரிவது, இதையெல்லாம் யாரும் பிடுங்க முடியாது. சோர்ஸ் கோட், வடிவமைப்புக் கோப்பு, விலை நிர்ணயக் கணக்கு இவை அவர்களுடையவை.

கிளையன்ட் விஷயத்தில் கோடு கொஞ்சம் மெல்லியது. புது வேலையில் சேர்ந்ததைப் பொதுவாக அறிவிப்பதில் தவறில்லை. பழைய கிளையன்ட் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து "என்னோடு வாருங்கள்" என்றால், இழுத்ததற்கான ஆதாரத்தை நீங்களே உண்டாக்குகிறீர்கள். பழைய டீம் ஆட்களை வேலைக்கு அழைப்பதும் அப்படியே. கொஞ்ச காலம் அவர்களாகவே விண்ணப்பிக்கட்டும். கிளையன்ட் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து கடைசி நாளே வெளியேறிவிடுங்கள்.

6. ராஜினாமாவும் கடைசி நாளும்

ராஜினாமாவை மெயிலில் அனுப்புங்கள். தேதியும் கடைசி வேலை நாளும் தெளிவாக இருக்கட்டும். காரணம் "சொந்தக் காரணம்" போதும். போகும் இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் ஒழிய நீங்களாகச் சொல்ல வேண்டாம். கேட்டால் பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

நோட்டீஸ் பீரியடைப் பணம் கட்டிக் குறைக்கலாமா என்று பார்க்கும்போது, அந்த உரிமை உங்களுக்கா நிறுவனத்துக்கா என்று வரியைக் கூர்ந்து படியுங்கள். "நிறுவனம் விரும்பினால்" என்று இருந்தால் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே புது இடத்துக்குத் தேதி கொடுங்கள். கணக்கு அடிப்படைச் சம்பளத்துக்கா மொத்தச் சம்பளத்துக்கா என்பதும் அங்கேதான் இருக்கும். தொகை இரட்டிப்பாக மாறக்கூடிய இடம் அது.

கடைசி நாளில் ஒரு கட்டுத் தாளை நீட்டுவார்கள். அதற்குள் "ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரமாட்டேன்" என்று புதிதாக ஓர் உறுதிமொழி இருக்கலாம். அதில் கையெழுத்துப் போடும் கடமை உங்களுக்குக் கிடையாது. படித்துவிட்டு மெயிலில் பதில் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லி நகலை வாங்கிக்கொள்ளுங்கள். லேப்டாப், ஐ.டி. கார்டு, ஆக்சஸ் கார்டு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

7. புது நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள்

சேரும்போது "எனக்கு எந்த ஒப்பந்தத் தடையும் இல்லை" என்று ஒரு படிவம் தருவார்கள். தடை இருக்கும்போது அதில் கண்ணை மூடிக் கையெழுத்திட்டால், பழைய இடம் கடிதம் போடும் அன்று இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள். ஆஃபரை ஏற்கும் முன்பே அந்தப் பத்தியை அனுப்பி, இப்படி ஒன்று இருக்கிறது என்று மெயிலில் சொல்லுங்கள். ரிலீவிங் லெட்டர் தாமதமானால் காத்திருப்பீர்களா, நோட்டீஸ் வந்தால் வக்கீல் செலவை ஏற்பீர்களா என்ற இரண்டையும் அப்போதே கேளுங்கள். ஆஃபர் கையில் வருவதற்கு முன் கேட்டால் கிடைக்கும் பதிலும், சேர்ந்த பிறகு கேட்டால் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருக்காது.

8. வக்கீல் நோட்டீஸ் வந்தால்

அது நீதிமன்ற உத்தரவு இல்லை. அவர்கள் சார்பில் ஒரு வக்கீல் எழுதிய கடிதம். வேலையை உடனே விடு, இத்தனை லட்சம் கட்டு என்று இருக்கும். பதற்றத்தில் பழைய மேனேஜரைப் போனில் அழைத்துப் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்காதீர்கள். கவரோடு எடுத்து வைத்து, கிடைத்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். அதில் கொடுத்திருக்கும் அவகாசத்துக்குள் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும். பதிலே போடாமல் விட்டால், இவரிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று பின்னால் வாதிட இடம் கொடுக்கும்.

முதல் படியில் சேர்த்த தாள்கள், ராஜினாமா மெயில், லேப்டாப் ஒப்புகை, இரண்டு நிறுவனங்களிலும் உங்கள் வேலை என்ன என்று அரைப்பக்கக் குறிப்பு, இவ்வளவும் எடுத்துப் போங்கள். பதில் நோட்டீஸுக்கு எவ்வளவு, வழக்கு வந்தால் எவ்வளவு என்று கட்டணத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள். பெண்களும், பட்டியல் சாதி, பழங்குடியினரும் வருமான வரம்பு இல்லாமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம். 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

உங்களைக் கேட்காமலே நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கிவிடுவார்களோ என்று பயமிருந்தால் கேவியட் மனு போடச் சொல்லுங்கள். அது 90 நாள் உயிரோடு இருக்கும். அந்தக் காலத்தில் அவர்கள் மனு போட்டால் உங்களுக்குத் தகவல் வந்தாக வேண்டும். எந்த ஊர் நீதிமன்றத்தில் போடுவது என்பதற்கு ஒப்பந்தத்தைப் பாருங்கள். சென்னையில் வேலை பார்த்திருந்தாலும் "மும்பை நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்" என்று இருக்கலாம். வேலை ஒப்பந்தங்களில் இப்படி ஊரைக் குறிப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் சொல்லியிருக்கிறது. பயணச் செலவையும் சேர்த்துத்தான் சமரசமா சண்டையா என்று கணக்குப் போட வேண்டியிருக்கும். நடுவர் மூலம் தீர்வு என்று எழுதியிருந்து, கம்பெனி தானே ஒரு நடுவரை நியமித்தால், முதல் கடிதத்திலேயே ஆட்சேபம் தெரிவியுங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் போட்டபின் ஒன்றும் வரவில்லை என்றாலும் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட அவர்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது.

9. ரிலீவிங் லெட்டரையும் பணத்தையும் நிறுத்தி வைத்தால்

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். "ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாள் ஆகும்" என்ற பழைய பல்லவியைப் பாடினால் இதைக் குறிப்பிட்டு மெயில் போடுங்கள். பாண்ட் தகராறைக் காட்டி உங்கள் பி.எஃப். பணத்தில் அவர்கள் கைவைக்க முடியாது.

ரிலீவிங் லெட்டர் தராமல் இழுத்தால், புது நிறுவனத்தின் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு ராஜினாமாவை ஏற்ற மெயில், கடைசி பேஸ்லிப்கள், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு விவரம், ஃபார்ம் 16, பி.எஃப். தளத்தில் வரும் சர்வீஸ் ஹிஸ்டரி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். பழைய நிறுவனம் பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா செலுத்திய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். அடையாள எண்) தளத்தில் நுழைந்து அந்தத் தேதியைப் பதியலாம். ஆதாரோடு இணைந்த மொபைல் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும், அந்த எண் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிந்த தேதியைப் பிறகு திருத்துவது பெரிய வேலை, அதனால் ராஜினாமா ஏற்பு மெயிலில் உள்ள கடைசி வேலை நாளையே போடுங்கள்.